ஒரு சிறு கொக்கியும் உழைப்பவர் கூலியும்

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வழியில் உள்ள தோட்டமொன்றின் பழைய பிள்ளைக் காம்பிராவில் தையல் வகுப்பு ஒன்று நடைபெற்று வருகிறது. வருவோரிற் பெரும்பாலோர் மண்சரிவினால் வீட்டையும், வீட்டைச் சுற்றியிருந்த மரக்கறித் தோட்டத்தையும், ஆடு மாடுகளையும் இழந்து இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை ஊவா மக்கள் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த சரிவுகள் அந்தப் புண்ணை மறுபடியும் கீறிவிட்டன. மண்ணை இழந்தவருக்குக் கையில் எஞ்சியிருப்பது தொழில் ஒன்றே. அந்தத் தொழிலைக் கற்கவே இப்பெண்கள் வருகின்றனர்.

ஒரு சனிக்கிழமை நாம் அங்கு சென்றபோது வகுப்பில் ஒரே வாட்டம். அவர்கள் தைத்து விற்ற ரவிக்கைகளில் சில திரும்பி வந்திருந்தன. தையலில் குறையில்லை, துணியிலும் குறையில்லை. குறை கொக்கியில் இருந்தது.

“கொழுந்து எடுக்கையில தானா தொறந்துக்குதாம் பாதர். ரெண்டு தடவ தொவைச்சதும் துணியில துருக்கறை வேற. நாங்க என்ன செய்ய? கடையில குடுக்கிற கொக்கியத்தானே வைக்கிறோம்” என்றார் மூத்தவர் ஒருவர்.

பக்கத்தில் இருந்த இளம்பெண் மெதுவாகச் சொன்னாள்: “அக்கா, கொக்கியக் குத்தம் சொல்லி என்ன பயன்? அது கம்பிதானே.”

அது வெறும் கம்பிதானா? இந்தக் கேள்வியோடுதான் அன்றைய வகுப்பைத் தொடங்கினோம். வாசகர்களாகிய உங்களிற் பலரும் தையலை நம்பி வாழ்வதால், நாம் அறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

கொக்கி ஏன் கழல்கிறது?

ரவிக்கைக் கொக்கியை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஒரே கம்பியை வளைத்துச் செய்தது அது. அடியில் இரண்டு வளையங்கள். அவற்றில்தான் நூல் ஓடும். நடுவில் கம்பி இரட்டையாக நீண்டு, நுனியில் மடிந்து ஒரு வாயாக நிற்கும். எதிர்ப்பக்கம் இருப்பது கண். அது வளைந்த கண்ணாகவும் இருக்கும், நேர்க் கண்ணாகவும் இருக்கும்.

கொக்கியும் கண்ணும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இருக்கும் வரையில்தான் பிடிப்பு இருக்கும். இழுவை தளர்ந்தால், கண் பின்னால் நகர்ந்து வாய் வழியாக வெளியே வந்துவிடும். வீட்டில் அமர்ந்திருப்பவருக்கு இது பெரிய தொல்லை அல்ல. கொழுந்து எடுப்பவரின் நிலை வேறு. தலையிற் கயிறு, முதுகிற் கூடை, இரண்டு கைகளும் ஓயாமல் முன்னும் பின்னும். கை முன்னே போகும்போது மார்புப்பக்கத் துணி தளரும், பின்னே வரும்போது இறுகும். ஒரு நாளில் எத்தனை ஆயிரம் தடவை இது நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை தடவையும் கொக்கி கழல ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. மலையில் நின்றுகொண்டு ஒரு கையால் சட்டையைப் பிடித்தபடி மற்றக் கையால் கொழுந்து எடுக்க முடியுமா? ஆகவே இது கொக்கியின் பிரச்சினை மட்டுமல்ல, பெண்ணின் மானத்தின் பிரச்சினையும், நாட்சம்பளத்தின் பிரச்சினையும் ஆகும்.

ஒரு சிறு மேட்டின் கதை

கொக்கியும் கண்ணும் புதியவை அல்ல. ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டிலேயே இவை வழக்கில் இருந்தன. எனினும் “தானாகக் கழல்கிறது” என்ற குறை பல நூற்றாண்டுகள் தீராமலே இருந்தது. 1880களின் இறுதியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த பிராங்க் டிலோங் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். கொக்கியின் நடுக்கம்பியைச் சற்று மேலே உயர்த்தி, வாயின் எதிரே ஒரு சிறு மேடு வருமாறு அமைத்தார். அவ்வளவுதான். புதிய உலோகமும் இல்லை, புதிய பாகமும் இல்லை.

அந்த மேடு வாயைக் குறுக்கிவிட்டது. கண்ணை உள்ளே தள்ளும்போது கம்பி சற்று விரிந்து கொடுக்கும். கண் மேட்டைத் தாண்டியதும் கம்பி மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிடும். இப்போது இழுவை தளர்ந்தாலும் கண் மேட்டில் முட்டி நின்றுவிடும். கழற்ற வேண்டுமானால் விரலால் வேண்டுமென்றே தள்ள வேண்டும். 1890களில் அவருடைய நிறுவனம் “அந்த மேட்டைப் பார்த்தீர்களா?” என்று கேட்கும் விளம்பரங்களால் அமெரிக்கா முழுவதும் பெயர் பெற்றது. ஒரு மயிரிழை உயரமான மேட்டில் ஒரு பெருந்தொழில் எழுந்தது.

இத்தகைய சிறு பொருள்களில் மூளையைச் செலுத்தியவர் அவர் மட்டுமல்ல. புகழ்பெற்ற எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1871 டிசம்பரில் உடைகளை இறுக்கவும் தளர்த்தவும் கூடிய ஒரு கழற்றுப் பட்டிக்குக் காப்புரிமை பெற்றார். விட்கம் ஜட்சன் என்பவர் 1893இல் பல கொக்கிகளையும் கண்களையும் வரிசையாக வைத்து, ஒரே இழுப்பில் பூட்டும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அது அடிக்கடி தானாகத் திறந்து அவரைச் சோதித்தது. அதே தொழிலில் வேலை செய்த கிடியன் சண்ட்பேக் என்னும் பொறியியலாளர் 1913இல் கொக்கிகளையே விட்டுவிட்டுச் சிறு பற்களை அமைத்தார். நாம் இன்று பயன்படுத்தும் சிப் அப்படிப் பிறந்தது. தவறிய முயற்சியும் வீண்போவதில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

நாம் செய்து பார்த்தவை

கதையைக் கேட்ட பெண்கள் சும்மா இருக்கவில்லை. ஒருவர் வீட்டிலிருந்து கூர்மூக்குக் குறடு கொண்டுவந்தார். கண்ணின் கம்பி எவ்வளவு தடிப்போ அவ்வளவு தடிப்பான ஊசி ஒன்றைக் கொக்கியின் வாயில் வைத்து, வாயை மெல்ல நெருக்கிப் பார்த்தோம். ஊசி சிறு ‘டிக்’ ஓசையோடு உள்ளே போக வேண்டும், குலுக்கினால் விழக்கூடாது. இதுவே எமது அளவுகோல். சில கொக்கிகள் சரியாக அமைந்தன. சில, நெருக்கும்போதே முறிந்தன. மலிவாக வாங்கிய சில, நெருக்கியபடியே நின்றாலும் நாலைந்து முறை பூட்டித் திறந்ததும் மறுபடி தளர்ந்துவிட்டன.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைத்தது. வடிவம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கம்பியில் வளைந்து மீளும் தன்மை இல்லாவிட்டால் பயனில்லை. மிக மென்மையான கம்பி விரிந்தபடியே நின்றுவிடும். மிக விறைப்பானது முறிந்துவிடும். நல்ல கொக்கி இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டும்.

கொக்கி வாங்கும்போதும் தைக்கும்போதும் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்:

1. காந்தம் ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். கொக்கி அதில் வலுவாக ஒட்டினால் உள்ளே இருப்பது பெரும்பாலும் இரும்புக் கம்பி. மேற்பூச்சுத் தேய்ந்ததும் வியர்வையும் மழையும் பட்டுத் துருப்பிடிக்கும். ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை ஈரத்தில் கிடக்கும் எமது பகுதிக்கு நிக்கல் பூசிய பித்தளைக் கொக்கியே நல்லது.

2. ஐயமிருந்தால் இரண்டு கொக்கிகளை உப்புநீரில் நனைத்த துணியிற் சுற்றி இரண்டு மூன்று நாட்கள் வையுங்கள். கறை படிந்தால் அந்த அட்டையை வாங்க வேண்டாம்.

3. கொக்கியைத் துணியின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் உள்ளே தள்ளி வையுங்கள். அடியில் உள்ள இரு வளையங்களையும் தைத்தால் மட்டும் போதாது. வாய்க்குக் கீழே கழுத்துப் பகுதியிலும் இரண்டு மூன்று தையல் போட வேண்டும். இல்லையேல் கொக்கி தலைதூக்கி நிற்கும். தலைதூக்கிய கொக்கி கழலும்.

4. துணி ஒற்றையாக இருக்கும் இடத்தில் தைக்காதீர்கள். உள்ளே ஒரு பட்டித்துணி வைத்துத் தைத்தால் கொக்கி துணியைக் கிழிக்காது.

5. இரு விளிம்பும் தொட்டு நிற்கும் உடையாயின், ஒரு கொக்கியை வலப்பக்கமும் அடுத்ததை இடப்பக்கமும் மாற்றி மாற்றி வையுங்கள். ஒன்று கழல வலப்பக்கத் துணி மேலே எழ வேண்டும். மற்றது கழல இடப்பக்கத் துணி மேலே எழ வேண்டும். இரண்டும் ஒரே வேளையில் நடப்பது அரிது.

கொக்கியை அட்டையில் கோர்த்தவர்கள்

கொக்கியின் கதையில் காப்புரிமை பெற்றவர்களின் பெயர்கள் உண்டு. ஆனால் கொக்கியையும் கண்ணையும் ஒன்றோடொன்று மாட்டி, கடையில் விற்கும் அட்டையில் நூலால் தைத்துக் கொடுத்தவர்களின் பெயர்கள் இல்லை. 1900களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் இந்த வேலையை ஏழைத் தாய்மார் தம் வீட்டிலிருந்தே செய்தனர். பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் இரவு வரை அதே மேசையில் அமர்ந்தனர். 384 கொக்கிகளையும் 384 கண்களையும் மாட்டித் தைத்தால் கிடைத்த கூலி ஒரு பென்னி. ஒரு பவுண் சம்பாதிக்க 240 பென்னிகள் வேண்டும்.

1906இல் லண்டனில் நடந்த ஒரு கண்காட்சியில், இவ்வாறு குறைந்த கூலிக்குப் பிழியப்பட்ட தொழிலாளர்களின் நிலை மக்கள் முன் வைக்கப்பட்டது. மக்கள் மனம் கொதித்தது. 1909இல் பிரித்தானியாவில் தொழிற் சபைகள் சட்டம் வந்தது. அது முதலில் நான்கு தொழில்களுக்கு மட்டுமே குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க வழி செய்தது. 1918ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் ஊசி, கொக்கி, அழுத்துப் பொத்தான் தொழிலுக்கென்றே தனிச் சபை அமைந்தது. ஆம், கொக்கிக்கென்று ஒரு சம்பளச் சபை!

இது எமக்குத் தொலைவான செய்தி அல்ல. இலங்கையில் 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் அதே எண்ணத்தின் வழியே வந்ததுதான். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டதும் சம்பளச் சபை வழியாகவே.

நான்கு மணித்தியாலம் யாருடையது?

எமது வகுப்புக்குத் திரும்புவோம். திருந்திய கொக்கியோடு தைத்த ரவிக்கைகள் திரும்பி வரவில்லை. செய்தி பரவி, நகரத்து வியாபாரி ஒருவர் தேடி வந்தார். “வெட்டிய துணியை நான் தருகிறேன், நீங்கள் தைத்துத் தாருங்கள், ரவிக்கைக்கு இவ்வளவு” என்றார். பலருக்கு மகிழ்ச்சி. உடனே சம்மதிக்க இருந்தனர்.

அப்போதுதான் அந்த இளம்பெண், கொக்கி வெறும் கம்பிதானே என்றவள், “ஒரு கொக்கி வைக்க எவ்வளவு நேரம்னு பாத்தீங்களா?” என்று கேட்டாள். கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். பழகிய கைக்கும் ஒரு கொக்கியையும் அதன் கண்ணையும் கையால் தைக்க நான்கு நிமிடமளவு பிடித்தது. ரவிக்கைக்கு ஆறு கொக்கி என்றால் 24 நிமிடம். பத்து ரவிக்கைக்கு 240 நிமிடம், அதாவது நான்கு மணித்தியாலம். வியாபாரி சொன்ன கூலியில் மெசின் தையலுக்கு மட்டுமே கணக்கு இருந்தது. நான்கு மணித்தியாலக் கைவேலை எவர் கணக்கிலும் இல்லை.

பேர்மிங்காம் தாய்மாரின் அந்த ஒரு பென்னி எமக்கு நினைவுக்கு வந்தது.

அடுத்த முறை அவர் வந்தபோது பெண்கள் கணக்கை ஒரு கொப்பித் தாளில் எழுதி முன்வைத்தனர். அவர் முகம் சுளித்தார். பிறகு சற்றுக் கூட்டிக் கொடுக்க இணங்கினார். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. இருவர் அந்தக் கூலிக்கு வேலை எடுக்கவில்லை, மற்றவர்கள் எடுத்தனர். எடுத்தவர்களை எடுக்காதவர்கள் குறை கூறவில்லை. பிள்ளையின் பாடசாலைச் செலவு யாருக்கு எப்போது வரும் என்று ஒருவருக்கொருவர் தெரியும். ஆனால் இனிமேல் கொக்கி வேலையைத் தனியாகக் கணக்கிட்டே விலை பேசுவது என்று எல்லோரும் முடிவு செய்தனர். இதை நாம் சிறிய வெற்றி என்று எண்ணவில்லை.

இன்னொரு சொல். உங்களில் எவராவது புதிய கொக்கி வடிவம் ஒன்றைக் கண்டுபிடிக்கக் கூடும். அவ்வாறாயின் அதை ஊரெல்லாம் காட்டும் முன்னர் ஆலோசனை பெறுங்கள். எமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், புதுமையான கண்டுபிடிப்புக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை காப்புரிமை பெறலாம். முன்னரே பலரும் அறிந்துவிட்டால் அதைப் புதுமை என்று நிறுவுவது கடினமாகிவிடும். படிக்காதவர் கண்டுபிடிக்க முடியாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கொக்கி எங்கே கழல்கிறது என்பதை, கூடை சுமந்து மலை ஏறுபவரை விட நன்றாக அறிந்தவர் யார்?

மலை சரிந்தபோது நாம் இழந்தவை பல. கண்ணால் பார்த்து, கையால் செய்து, கணக்குப் போட்டுப் பேசும் திறமையை எந்தச் சரிவும் மூடவில்லை.

குழுவாகக் கூடிச் சிந்திக்க:

- எமது கைவேலையில் கூலி கணக்கிடப்படாத நேரம் எவ்வளவு? அதை அளந்து பார்த்திருக்கிறோமா?
- நாம் நாளாந்தம் பயன்படுத்தும் பொருள்களில் எமக்குத் தொல்லை தருவது எது? அதைத் திருத்த என்ன செய்யலாம்?
- விலை பேசும்போது தனித்தனியே பேசுகிறோமா, சேர்ந்து பேசுகிறோமா?