கையெழுத்து வைக்குமுன் விசாரிக்க வேண்டியவை

டொரொன்டோவின் ஸ்காபரோவில் மார்க்கம் ரோட், எக்ளிங்டன் பக்கத்துப் பிளாசாக்களின் மேல்மாடிப் பலகைகளை வாசித்துக்கொண்டு போனால், பல்வைத்தியருக்கும் வருமான வரி நிரப்பிக் கொடுப்பவருக்கும் நடுவில் ஒரு சின்னக் கல்லூரியின் பெயர் இருக்கும். இரண்டு மூன்று வகுப்பறை, வரவேற்பில் ஒருவர், சுவரில் பட்டமளிப்புப் படங்கள். ஒன்ராறியோவில் இவற்றைக் கரியர் கொலிஜ் என்பார்கள். தொழிற்சாலை மூடி வேலை இழந்தவர், பிள்ளைகள் வளர்ந்தபின் வேலைக்குப் போக நினைக்கும் தாய், ஊரில் ஆசிரியராக இருந்துவிட்டு இங்கே வெயார்ஹவுஸில் பெட்டி தூக்குபவர் என்று நம்மவர் பலர் படியேறுவது இங்கேதான். அதில் பிழையொன்றும் இல்லை. அரச கல்லூரியில் இரண்டு வருடம் இருக்க வசதியில்லாதவருக்குச் சில மாதங்களில், மாலை வகுப்பில் ஒரு தொழிலைக் கற்றுத்தர இடம் வேண்டும். நன்றாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆயிரக்கணக்கில் டொலர் கட்டுவதற்கு முன் நாம் விசாரிப்பது பெரும்பாலும் தெரிந்தவர் ஒருவரிடம் மட்டும். அது போதாது.

விசாரணையைக் கல்லூரி வாசலில் தொடங்காதீர்கள். நாளைக்கு உங்களை வேலைக்கு எடுக்கப்போகிறவர் எந்தச் சான்றிதழை ஏற்கிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள். பார்மசியை எடுத்துக்கொள்வோம். ‘பார்மசி அசிஸ்டன்ட்’, ‘பார்மசி டெக்னீஷியன்’ என்ற இரண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். அசிஸ்டன்டுக்கு உரிமம் தேவையில்லை. டெக்னீஷியனோ 2010 முதல் ஒன்ராறியோவில் உரிமம் பெற வேண்டிய தொழில்; அங்கீகாரம் பெற்ற கற்கைநெறியை முடித்து, தேர்வெழுதி, ஒன்ராறியோ மருந்தாளர் கல்லூரியில் பதிவு செய்ய வேண்டும். இந்தக் கல்லூரி வகுப்பு நடத்துவது அல்ல, தொழிலை ஒழுங்குபடுத்துவது. முதலாவது படிப்பை முடித்துவிட்டு இரண்டாவது வேலைக்குப் போகலாம் என்று நம்பி இருந்தவருக்கு நேரமும் காசும் போனதுதான் மிச்சம். பாராலீகலும் அப்படித்தான். ஒன்ராறியோ சட்டச் சங்கம் அங்கீகரித்த கற்கைநெறியை முடிக்காதவர் உரிமத் தேர்வே எழுத முடியாது. பெரிய லொறி ஓட்டுவதற்கான ஏ வகுப்பு உரிமத்துக்கு 2017 ஜூலை முதல் குறைந்தது 103.5 மணிநேரப் பயிற்சி கட்டாயம். பிஎஸ்டபிள்யூ என்ற பராமரிப்பு உதவியாளர் படிப்பை முடித்து முதியோர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்ய நினைப்பவருக்கு, வகுப்பும் நேரடிப் பயிற்சியும் சேர்ந்து 600 மணிநேரமாவது இருக்க வேண்டும் என்று அந்த இல்லங்களுக்கான விதியே சொல்கிறது. ஆகவே இரண்டு மூன்று இல்லங்களுக்கோ பார்மசிகளுக்கோ போன் பண்ணி, “இந்தக் கல்லூரியில் இதைப் படித்தவர்களை எடுக்கிறீர்களா?” என்று கேளுங்கள். அரை மணிநேர வேலைதான்.

அடுத்து, அரசுப் பதிவு. 2005ஆம் ஆண்டின் கரியர் கல்லூரிகள் சட்டப்படி கல்லூரி பதிவு செய்திருக்க வேண்டும். அதோடு அது நடத்தும் ஒவ்வொரு தொழிற்கற்கைநெறிக்கும் இந்தக் கல்லூரிகளுக்கான மாகாணக் கண்காணிப்பாளரின் தனி அங்கீகாரம் வேண்டும். நம்மவர் தவறவிடுவது இந்த இரண்டாவதைத்தான். கல்லூரி பதிவாகியிருக்கும், நீங்கள் கேட்கும் கற்கைநெறி அதில் இராது. மாகாண அரசின் இணையதளத்தில் கல்லூரியின் பெயரைப் போட்டுத் தேடினால் அங்கீகாரம் பெற்ற கற்கைநெறிகள் வரும். நீங்கள் போகப்போகும் கிளையின் முகவரியும் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

எத்தனை வீதம் பேர் படித்து முடித்தார்கள், எத்தனை வீதம் பேருக்கு அதே துறையில் வேலை கிடைத்தது என்ற விபரங்களையும் அரசு வெளியிடுகிறது. “படித்த எல்லாருக்கும் வேலை” என்று வாயால் சொல்வதைவிட இது நம்பகமானது. சின்னக் கல்லூரி என்றால் மட்டும் கவனமாக வாசிக்க வேண்டும். எட்டுப் பேர் முடித்த வகுப்பில் ஆறு பேருக்கு வேலை என்றால் 75 வீதம். இன்னும் ஒருவருக்குக் கிடைத்திருந்தால் 87.5. ஒரே ஒருவரால் இவ்வளவு மாறும் கணக்கை ஒரு வருடத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்காமல், கிடைக்கிற வருடங்கள் அத்தனையையும் பாருங்கள். ‘அதே துறையில்’ என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். படித்தது பல்வைத்திய உதவியாளர், செய்வது கடையில் காசாளர் வேலை என்றால் அந்தப் படிப்பு பலிக்கவில்லை. வேலை நிச்சயம் என்று உத்தரவாதம் தருகிற கல்லூரியை நான் நம்பமாட்டேன். அப்படி உத்தரவாதம் கொடுக்க எந்தக் கல்லூரியாலும் முடியாது.

காசு விஷயத்தில்தான் அவசரம் காட்டுவார்கள். “அக்கா, இந்தக் கிழமைக்குள்ள கையெழுத்து வைச்சால் கட்டணத்தில கொஞ்சம் குறைக்கலாம்” என்பது வழக்கமான பேச்சு. ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், ஆங்கிலம் நன்றாக வாசிக்கும் ஒருவரோடு இருந்து வாசியுங்கள். புத்தகம், சீருடை, தேர்வுக் கட்டணம், முதலுதவிச் சான்றிதழ், பொலிஸ் சான்று எல்லாம் சொன்ன தொகைக்குள் வருகிறதா, வேறாகக் கட்ட வேண்டுமா? கையெழுத்து வைத்து, ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்த இரண்டு நாளுக்குள் எழுத்தில் அறிவித்தால் முழுப் பணமும் திரும்பும். அதற்குப் பிறகு, வகுப்புத் தொடங்குமுன் விலகினால், மொத்தக் கட்டணத்தின் 20 வீதம் அல்லது 500 டொலர், இரண்டில் எது குறைவோ அதைத்தான் கல்லூரி பிடிக்கலாம். எட்டாயிரம் டொலர் படிப்பென்றால் 500. தொடங்கியபின் முதல் பாதிக்குள் விலகினால் அதோடு நடந்த வகுப்புகளுக்கான பங்கையும் எடுக்கும். பாதி தாண்டினால் திருப்பித் தரக் கடமையில்லை. வெளிநாட்டு மாணவருக்கு விதி வேறு. ஓசாப் என்ற மாகாண மாணவர் நிதியுதவி கிடைக்கும் என்று சொன்னால் சந்தோஷப்படுமுன் அதில் கடன் எவ்வளவு, திருப்பிக் கட்டத் தேவையில்லாதது எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டையும் ஒரே தொகையாகச் சொல்லிவிடுவது சுலபம்.

பராமரிப்பு, மருத்துவத் துறைப் படிப்புகளில் உயிர்நாடி பிளேஸ்மென்ட், அதாவது வேலைத்தலத்தில் பெறும் நேரடிப் பயிற்சி. இல்லத்தைக் கல்லூரி தேடித் தருமா, நீங்களே தேட வேண்டுமா? ஸ்காபரோவில் கார் இல்லாமல் இருப்பவரை விடிய ஏழு மணி ஷிப்டுக்கு ஒஷாவாவுக்கு அனுப்பினால் என்ன செய்வது? தடுப்பூசிப் பதிவு, காசநோய்ப் பரிசோதனை, பொலிஸ் சான்று எல்லாம் கையில் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். ஒன்று பிந்தினாலும் படிப்பு முடியும் திகதி தள்ளிப்போகும். இதைச் சேரும்போதே சொல்லி, பட்டியல் தருகிற கல்லூரி வேலை தெரிந்த கல்லூரி.

கல்லூரி நடுவில் மூடிவிட்டால்? நடந்திருக்கிறது. 2015 பெப்ரவரியில் எவரெஸ்ட் கல்லூரியின் பதிவை மாகாணம் இடைநிறுத்தியபோது 14 கிளைகள் ஒரே நாளில் மூடின. ஏறத்தாழ 2,450 மாணவர் நடுவழியில் நின்றார்கள். அது சின்னக் கல்லூரியும் அல்ல. இப்படியான நேரத்துக்கென்றே கல்லூரிகள் பணம் கட்டும் பாதுகாப்பு நிதி ஒன்று உண்டு. மாணவர் வேறிடத்தில் படிப்பை முடிக்கவோ பணத்தைத் திரும்பப் பெறவோ அது உதவும். பதிவில்லாத இடத்தில் சேர்ந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ரசீது, ஒப்பந்தம், வரவுப் பதிவு, புள்ளிகள் எல்லாவற்றின் பிரதியும் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருந்து மாணவர் விசாவில் வர யோசிப்பவர்களுக்கு ஒன்று. கல்லூரி டிஎல்ஐ பட்டியலில், அதாவது வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலில், இருப்பது படிக்க வருவதற்கான அனுமதியோடு மட்டும் சம்பந்தப்பட்டது. ஒன்ராறியோவின் தனியார் கரியர் கல்லூரியில் டிப்ளோமா முடித்தால் படிப்புக்குப் பிந்திய வேலை அனுமதி கிடைக்காது. அரச கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் கல்லூரி நடத்தும் கூட்டு ஏற்பாட்டில் 2024 மே 15 முதல் தொடங்கியவர்களுக்கும் அது இல்லை. ஊரில் காணியை ஈடுவைக்குமுன் குடும்பத்தில் எல்லாருக்கும் இது தெரிய வேண்டும். முகவர் சொல்லாமல் விடக்கூடியது இதுதான்.

இங்கே இருப்பவர்கள் அதே படிப்பு வேறெங்கே கிடைக்கும் என்றும் பாருங்கள். பள்ளிச் சபைகளின் வயதுவந்தோர் பள்ளிகள் சிலவற்றில் பிஎஸ்டபிள்யூ மிகக் குறைந்த செலவில் படிக்கலாம். வேலை இழந்தவருக்கு ‘பெட்டர் ஜொப்ஸ் ஒன்ராறியோ’ திட்டம் பயிற்சிச் செலவுக்கு உதவக்கூடும். இந்த இரண்டையும் கரியர் கல்லூரியின் அலுவலர் தானாகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

கடைசியில் கல்லூரிக்குப் போகும்போது வகுப்பு நடக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். பயிற்சிக் கட்டில், பாரம் தூக்கும் லிஃப்ட், பாவிக்கிற நிலையில் கணினி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இடைவேளையில் கோப்பியோடு வெளியே நிற்கும் மாணவரிடம், ஆசிரியர் இந்தத் தொழிலைச் செய்தவரா, நடுவில் எத்தனை தரம் மாறினார், முந்தைய வகுப்பாருக்குப் பிளேஸ்மென்ட் நேரத்துக்குக் கிடைத்ததா என்று கேளுங்கள். வகுப்பைப் பார்க்க இன்றைக்கு வசதியில்லை என்றால் இன்னொரு நாள் போங்கள். அன்றைக்கும் மறுத்தால் வேறு கல்லூரி பாருங்கள்.