‘அவரவர்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்

தில்லியில் குமாஸ்தாவாக வேலைக்குச் சேர்ந்த நாளில் எனக்கு மிகவும் பிடித்த ஆங்கிலச் சொல் ‘ரெஸ்பெக்டிவ்’. ஒரு கடிதத்தில் இரண்டு இடத்திலாவது அது வராவிட்டால் டிராஃப்ட் எழுதிய திருப்தியே இருக்காது. ஊரில் படித்த ஆங்கிலத்தை நாலு பேருக்குக் காட்ட வேண்டாமா? அந்தச் சொல்லால் 1976ல் நண்பர் ஒருவர் எட்டு நாள் சம்பளத்தை இழந்தார். அதற்குப் பிறகுதான் அதன் இலக்கணத்தைத் தேடிப் படித்தேன்.

நடந்தது இதுதான். வெளியூர்க் கிளைகளிலிருந்து நான்கு பேர் ஒரு மாதப் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். பயிற்சி முடியும் முன்பே நால்வருக்கும் வேறு வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டது. உத்தரவின் கடைசி வரி என் கைவண்ணம். பயிற்சி முடிந்ததும் நால்வரும் ‘தெயர் ரெஸ்பெக்டிவ் ஆபீசஸ்’ போய்ச் சேர வேண்டும் என்று எழுதினேன். மேலதிகாரியும் கையெழுத்துப் போட்டார். மூவர் புது ஊருக்குப் போனார்கள். திருச்சி நண்பர் மட்டும் பழைய ஆபீசுக்கே போய் நின்றார். “உங்களை ரிலீவ் பண்ணியாச்சே!” என்றார்கள். மறுபடி ரயிலேறி அவர் ஜான்சி போய்ச் சேர்வதற்குள் எட்டு நாள் தாமதம். அத்தனையும் சம்பளமில்லா லீவு என்று பதிவாயிற்று.

பின்னொரு நாள் பார்த்தபோது அவர் கோபப்படக்கூட இல்லை. “அண்ணே, அவரவர் ஆபீசுக்குப் போகணும்னு போட்டிருந்தீங்க. எனக்குத்தான் ரெண்டு ஆபீஸ் இருந்துதே, எதுன்னு எடுத்துக்கறது?” என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. என் வாக்கியத்தில் இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை, எது அதன் வேலை இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ரெஸ்பெக்டிவ் என்பது பங்கு போடும் சொல். பலர், பல பொருள். ஆளுக்கு ஒன்று என்று அது பிரித்துக் கொடுக்கும். நாம் இதைச் சொல்லை இரட்டித்துச் சொல்கிறோம்: அவரவர், தத்தம். இந்திக்காரர்களும் ‘அப்னே அப்னே’ என்று இரட்டிக்கிறார்கள். ஆங்கிலத்தில் அப்படி இரட்டிக்கும் வழக்கம் இல்லை. ஆகவே இந்தப் பெயரடையை வைத்துச் சமாளிக்கிறார்கள். லத்தீனில் ‘திரும்பிப் பார்த்தல்’ என்ற பொருள் தரும் வினையே இதற்கும், மரியாதை என்று பொருள்படும் ‘ரெஸ்பெக்ட்’டுக்கும் வேர். ஷேக்ஸ்பியர் காலத்தில் ரெஸ்பெக்டிவ் என்றால் ‘கருத்தோடு நடந்துகொள்கிற’ என்றும் பொருள் உண்டு. ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தின் கடைசி அங்கத்தில் அப்படி வருகிறது. இன்று அந்தப் பொருள் வழக்கொழிந்துவிட்டது. ஆகவே கடித முடிவில் ‘யுவர்ஸ் ரெஸ்பெக்ட்ஃபுலி’ என்பதற்குப் பதிலாக ‘ரெஸ்பெக்டிவ்லி’ என்று எழுதினால் மரியாதை போய்விடும்; ‘முறையே தங்கள்’ என்றுதான் பொருள் வரும்!

நம்மவர்கள் தவறுகிற இடங்கள் மூன்று.

முதலாவது, ஒருமை. ‘எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள்’ என்கிறோம். தமிழில் வீடு ஒருமையாகவே நிற்கிறது. அதே நினைப்பில் ‘தெயர் ரெஸ்பெக்டிவ் ஹவுஸ்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் பங்கு போடுவதற்குப் பல வீடுகள் வேண்டும்; ‘ஹவுசஸ்’ என்பதே சரி.

இரண்டாவது, ஒரே ஆளுக்குப் பங்கு போடுவது. ‘அவன் தன் ரெஸ்பெக்டிவ் இடத்தில் உட்கார்ந்தான்’ என்பது பொருந்தாது. ‘ஒவ்வொருவரும்’ என்று பொருள்படும் ‘ஈச்’ முன்னால் வந்துவிட்டால் அதுவே பங்கு போட்டுவிடும். மேலும் ஒரு ரெஸ்பெக்டிவ் எதற்கு?

மூன்றாவது, ‘சம்பந்தப்பட்ட’ என்ற பொருளில் எழுதுவது. ஒருவருக்கு எழுதும் கடிதத்தில் ‘ரெஸ்பெக்டிவ் துறையை அணுகவும்’ என்று போடுவது நம் நாட்டு ஆபீஸ் வழக்கம். அங்கே வேண்டியது ‘கன்சர்ண்ட்’. அதையும் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வைக்க வேண்டும். ‘ஆபீசர் கன்சர்ண்ட்’ என்றால் சம்பந்தப்பட்ட அதிகாரி. ‘கன்சர்ண்ட் ஆபீசர்’ என்றால் கவலையில் இருக்கும் அதிகாரி என்றும் பொருளாகும்.

எழுதிய வாக்கியத்திலிருந்து ரெஸ்பெக்டிவை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் மாறவில்லை என்றால் அதை விட்டுவிடலாம். ஆங்கில நடை பற்றி 1926ல் ஃபௌலர் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியும், இச்சொல் பெரும்பாலும் தேவையில்லாமலே வருகிறது என்று கண்டிக்கிறது.

இதன் வினையடையான ‘ரெஸ்பெக்டிவ்லி’ என்பதற்கு ‘முறையே’ என்று பொருள். இது நமக்குப் புதிதல்ல. நம் இலக்கணத்தில் ‘நிரல்நிறை’ என்று பெயர். நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் இதுவும் ஒன்று. 45ஆம் குறளில் அன்பையும் அறத்தையும் வரிசையாகச் சொல்லி, இல்வாழ்க்கைக்கு முன்னது பண்பு, பின்னது பயன் என்று வள்ளுவர் அதே வரிசையில் பொருத்துகிறார். ‘முறையே’ என்ற சொல்கூட அவருக்குத் தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் ரெஸ்பெக்டிவ்லி எழுதும்போதும் இதே ஒழுங்கு வேண்டும்: இந்தப் பக்கம் நான்கு பெயர் என்றால் அந்தப் பக்கமும் நான்கு ஊர், அதே வரிசையில்.

இப்போது என் உத்தரவுக்கு வருவோம். ரெஸ்பெக்டிவ் ‘ஆளுக்கு ஒன்று’ என்று சொல்லுமே தவிர, ‘எந்த ஒன்று’ என்று சொல்லாது. பழைய ஆபீஸ், புது ஆபீஸ் என்று ஒருவருக்கே இரண்டு இருக்கும்போது அது வழிகாட்டாது. ‘புதிய’ என்று ஒரு சின்னச் சொல் சேர்த்திருந்தால் நண்பருக்கு எட்டு நாள் சம்பளம் மிஞ்சியிருக்கும்.

அதன்பிறகு ஓய்வு பெறும் வரை நான் எழுதிய மாற்றல் உத்தரவு ஒவ்வொன்றிலும், ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் போக வேண்டிய ஊரை எழுதினேன். படிக்க அழகாக இருக்காது. ஆனால் யாரும் தவறான ஊரில் போய் இறங்கவில்லை.