படுக்கையிலிருந்து வந்த ஆறுதல்

வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் போதும், தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வைத்தியர்களாகி விடுகிறார்கள்! கையில் நாலு சாத்துக்குடிப் பழத்துடன் வந்து சேருகிறார்கள். "இதெல்லாம் ஒரு வியாதியா? என் ஓர்ப்படிக்கு இதைவிட மோசமாக இருந்தது" என்கிறாள் ஒருத்தி. "எல்லாம் நன்மைக்குத்தான்" என்கிறாள் இன்னொருத்தி. "கடவுள் சோதிக்கிறார். நாம்தான் தைரியமாக இருக்க வேண்டும்" என்று உபதேசம் செய்துவிட்டு, காபியையும் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுகிறாள் மூன்றாமவள்.

வந்தவர்கள் நல்லவர்கள்தாம். சொன்னவையும் நல்ல வார்த்தைகள்தாம். ஆனாலும் அவர்கள் வாசற்படி இறங்கியதும் நோயாளி சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். ஏன்?

இந்தக் கேள்விக்குத் தம் சொந்த வேதனையிலிருந்து விடை கண்ட ஓர் அம்மையார் நம் திருநெல்வேலிச் சீமையிலேயே வாழ்ந்தார். அவர் பெயர் ஏமி கார்மைக்கேல். 1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர். 1895-ல் இந்தியாவுக்கு வந்தார். வந்தவர் வந்தவர்தான்; 1951-ல் கண்ணை மூடும் வரையில், ஐம்பத்தைந்து வருஷம், ஒரு தடவைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. தமிழ் படித்தார், புடவை கட்டினார், தமிழ்ப் பெண்களுடன் கிராமம் கிராமமாகப் போனார்.

1901-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி ஓடிவந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் காலத்தில் இது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பது விளங்கும். ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகக் குழந்தைகள் வந்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள டோனாவூரில் ஒரு பெரிய குடும்பமே உருவாயிற்று. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அவர்தான் தாய். ஓடி ஆடி வேலை செய்த தாய்.

அப்படிப்பட்டவருக்கு 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி வந்தது. அன்று காலை ஜெபத்தில், 'என் அன்பர்களுக்கு உதவியாக இருப்பதற்கு என்னை எப்படி வேண்டுமானாலும் ஆக்கிக்கொள்ளும்' என்ற கருத்தில் வேண்டிக்கொண்டாராம். அன்று மாலை, பக்கத்திலுள்ள களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், இருட்டில் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். சில வாரங்களில் எழுந்து விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வாரங்கள் மாதங்களாயின, மாதங்கள் வருஷங்களாயின. எஞ்சிய சுமார் இருபது வருஷ வாழ்க்கையில் பெரும்பகுதி அந்த ஓர் அறையிலேயே கழிந்தது.

பிறருக்கெல்லாம் ஆறுதல் சொல்லி வந்தவர், இப்போது ஆறுதலைப் பெற வேண்டியவர் ஆனார். படிப்பதற்கென்று நண்பர்கள் புத்தகங்கள் அனுப்பினார்கள். வலி தின்னும் இரவில் அவற்றைப் படித்தபோது ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. அவை நல்ல உடம்புடன் இருப்பவர்கள், நோயாளிகளுக்கு எழுதியவை. மேட்டில் நிற்பவர் பள்ளத்தில் கிடப்பவரைப் பார்த்துப் பேசும் பேச்சு அது. காதில் விழுகிறது, நெஞ்சில் இறங்கவில்லை.

அதனால் அவர் என்ன செய்தார், தெரியுமா? தாமே எழுதத் தொடங்கினார். 'குணமானபின் எழுதலாம்' என்று காத்திருக்கவில்லை. குணமானவர் வலியை மறந்து விடுவார் அல்லவா? நோயில் கிடக்கும் ஒருத்தி, நோயில் கிடக்கும் மற்றவர்களுக்கு எழுதிய அந்தக் கடிதங்கள் 1933-ல் 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற புத்தகமாக வெளிவந்தன. முள்செடியில் பூத்த ரோஜா என்று பொருள் கொள்ளலாம். தூக்கம் வராத இரவுகளை அவர் மறைக்கவில்லை. எப்போதும் சிரித்துக்கொண்டிருந்ததாகப் பாசாங்கும் செய்யவில்லை. தமக்குக் கிடைத்த ஆறுதலை மட்டுமே பிறருக்குக் கொடுத்தார்.

கிறிஸ்தவ வேதத்தில் இது பழைய பாடம். கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்திலேயே பவுல் இதைச் சொல்கிறார்: கடவுள் நமக்கு ஆறுதல் தருவது நாம் பத்திரமாகப் பூட்டி வைத்துக்கொள்வதற்கு அல்ல, துன்பப்படும் மற்றவருக்கு அதே ஆறுதலை வழங்குவதற்கு. இதை எழுதிய பவுல், உயிர் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போன நிலையை அனுபவித்தவர். அதை அதே நிருபத்தில் ஒளிக்காமல் சொல்லியும் இருக்கிறார். கிருபை என்பதும் இப்படித்தான். இலவசமாக வந்தது, ஆகவே அதைக் கொடுக்கும்போது, கொடுக்கிறவள் உயர்ந்தவள், வாங்குகிறவள் தாழ்ந்தவள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

படுக்கையில் கிடந்தபடியே அம்மையார் தம் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துப் பேசினார். நேரில் பார்க்க முடியாதவர்களுக்குச் சிறு சீட்டுகள் எழுதி அனுப்பினார். ஓடி ஆடிய காலத்தில் கிடைக்காத அவகாசம், ஓட முடியாத காலத்தில் அவருக்குக் கிடைத்தது!

அப்படியானால் நோயில் படுத்திராத நாம் நோயாளிகளைப் பார்க்கவே போகக்கூடாதா? அவசியம் போக வேண்டும். ஆனால் நின்றுகொண்டு பேச வேண்டாம், பக்கத்தில் உட்காருவோம். காரணம் சொல்ல வேண்டாம். அவள் சொல்வதைக் கேட்போம். வலி எவ்வளவு என்று நமக்குத் தெரியாவிட்டால், தெரிந்தது போல் பேச வேண்டாம். அழுதால் அழட்டும். நாமும் ஒரு காலத்தில் அழுதவர்கள்தாமே? அன்று நமக்கு எது தெம்பு கொடுத்தது என்பது நினைவிருந்தால், அதைச் சொல்வோம். நினைவில்லாவிட்டால், கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்போம். புறப்படும்போது, குழந்தைகளின் பள்ளிக்கூடச் சட்டைகளைத் துவைத்துப் போட்டுவிட்டு வந்தால், அதுவும் ஆறுதல்தான்.

தம் கல்லறைமேல் கல் நாட்ட வேண்டாம் என்று ஏமி அம்மையார் சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்தச் சொல்லைத் தட்டவில்லை. ஆனால் பறவைகள் வந்து நீர் குடிக்க அங்கே ஒரு தொட்டி வைத்தார்கள். தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லை அதில் பொறித்தார்கள்.

அதைவிடப் பொருத்தமான ஞாபகச் சின்னம் வேறு என்ன இருக்க முடியும்? தொட்டி தண்ணீரை உண்டாக்குவதில்லை. தன்னில் விழுந்ததை வைத்திருந்து, தாகத்துடன் வருகிறவர்களுக்குக் கொடுக்கிறது.