இயக்கத்தைச் சார்ந்தோர் எவர்? - சாசன இயக்கத்தின் வழி ஓர் ஆய்வு

ஒரு சங்கத்தைச் சார்ந்தவர் இன்னார் என அறிதல் எளிது. சங்கத்திற்கு விதிகள் உண்டு; சந்தா உண்டு; பெயர்ப் பதிவேடு உண்டு. பதிவேட்டில் பெயருள்ளவர் அகத்தார், இல்லாதவர் புறத்தார். அரசை எதிர்த்து எழும் மக்கள் இயக்கத்திற்கோ இத்தகைய வாயிலும் மதிலும் இல்லை. ஆகலின் அதனைச் சார்ந்தோர் எவர் என்னும் வினா ஆராய்ச்சியாளரிடையே தீராத வழக்காய் நிற்கின்றது.

‘உறுப்பினர்’ என்னும் சொல்லே இவ்வருமையைப் புலப்படுத்தும். உறுப்பு என்பது உடலின் ஒரு பகுதி. ஆங்கிலத்தில் இப்பொருள் தரும் ‘மெம்பர்’ என்னும் சொல்லும், உறுப்பு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. உடல் இருந்தாலன்றோ உறுப்பு இருக்கும்? திட்டமான உடலமைப்பு இல்லாத இயக்கத்திற்கு உறுப்பினர் எங்ஙனம் அமைவர்? இவ்வினாவைப் பொதுப்பட ஆராய்தலினும், சான்றுகள் நிறைந்த ஓர் இயக்கத்தின் மேல் வைத்து ஆராய்தல் தெளிவு தரும். அதற்கு இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய சாசன இயக்கத்தை எடுத்துக்கொள்கின்றோம். சார்ட்டிசம் என ஆங்கிலத்தில் வழங்குவது இதுவே.

1838ஆம் ஆண்டு மக்கட் சாசனம் வெளியாயிற்று. வயது வந்த ஆடவர் அனைவர்க்கும் வாக்குரிமை, மறைவாக்கு, ஆண்டுதோறும் தேர்தல், சமமான தொகுதிகள், பாராளுமன்றத்தினர்க்கு ஊதியம், அவர்க்குச் சொத்துத் தகுதி வேண்டாமை என்னும் ஆறும் அதன் கோரிக்கைகள். இக்கோரிக்கைகளை ஏற்றோர் சாசனத்தார் எனப்பட்டனர். ஏற்றோர் என்பதை எதனால் அறிவது என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது.

முதற்கண் சங்கப் பதிவை நோக்குவோம். 1840ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மான்செஸ்டர் நகரில் தேசியச் சாசனச் சங்கம் நிறுவப்பெற்றது. உறுப்பினர்க்கு அட்டை வழங்கப்பட்டது. 1842ஆம் ஆண்டளவில் உறுப்பினர் தொகை ஏறத்தாழ 50,000 என்பர். அட்டை பெற்றவரே சாசனத்தார் எனக் கொள்ளலாகாதோ எனின், இரண்டு தடைகள் எழுகின்றன.

ஒன்று, சட்டத்தால் வந்த தடை. கிளைகளோடு கூடிய அரசியற் சங்கங்களை 1799ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியிருந்தது. அச்சட்டத்திற்கு அஞ்சியே தேசியச் சாசனச் சங்கமும் தன் அமைப்பு விதிகளை 1841இல் மாற்றிக்கொண்டது. ஆகவே, இயக்கத்தின் நெகிழ்ந்த அமைப்புக்கு அதனை நடத்தினோரின் சோர்வு மட்டும் காரணமன்று. அரசின் சட்டமும் ஒரு காரணமாம். பெயரைப் பதிந்துகொள்வது இடரை விளைக்கும் காலத்தில், பதியாதவர் பற்றில்லாதவர் என முடிவு செய்தல் பொருந்தாது.

மற்றொன்று, வில்லியம் லோவட் என்பாரால் வரும் தடை. மக்கட் சாசனத்தை வரைவதில் தலையாய பங்கு கொண்டவர் இவர். 1839இல் சிறைப்பட்டு, 1840இல் வெளிவந்த இவர், தேசியச் சாசனச் சங்கத்தில் சேர மறுத்து, 1841இல் வேறொரு சங்கம் கண்டார். அட்டையே அளவுகோல் எனின், சாசனத்தை வரைந்தவரே சாசனத்தார் அல்லர் என்று முடியும். இவ்வாறு முடியும் அளவுகோல் குறையுடையது என்பது வெளிப்படை.

இனி, ஒப்பங்களை நோக்குவோம். சாசனத்தார் பாராளுமன்றத்திற்கு மும்முறை பெரும் விண்ணப்பம் விடுத்தனர். 1839ஆம் ஆண்டு விண்ணப்பத்தில் ஏறத்தாழ 12,80,000 ஒப்பங்களும், 1842ஆம் ஆண்டு விண்ணப்பத்தில் 33,00,000க்கு மேற்பட்ட ஒப்பங்களும் இருந்தன. அதே 1842இல் அட்டை பெற்றோர் 50,000 எனக் கண்டோம். ஒப்பமிட்டோர் தொகை அதனினும் ஏறத்தாழ 66 மடங்கு மிகுதியாம். எந்த அளவுகோலைக் கொள்கின்றோமோ அதற்கேற்ப இயக்கம் சிறு குழுவாகவும் தோன்றும், பெருங்கடலாகவும் தோன்றும்.

1848ஆம் ஆண்டு ஏப்பிரல் 10ஆம் நாள் மூன்றாம் விண்ணப்பம் பாராளுமன்றத்திற்கு வந்தது. அதில் 57,00,000க்கு மேற்பட்ட ஒப்பங்கள் உள எனத் தலைவர் பியர்கஸ் ஓ'கானர் உரைத்தார். மூன்று நாள் கழித்து, விண்ணப்பக் குழு 19,75,496 ஒப்பங்களே உள என அறிவித்தது. அரசியாரின் பெயரும், வெலிங்டன் பிரபுவின் பெயரும், ‘சப்பை மூக்கு’ என்பது போன்ற நகைப்புப் பெயர்களும் அதில் காணப்பட்டன என்றும், தொடர்ந்து பல தாள்கள் ஒரே கையெழுத்தில் உள என்றும் குழு கூறியது. பாராளுமன்றத்தில் நகையொலி எழுந்தது. அந்நகைப்பு அன்றோடு ஒழியவில்லை. பின்வந்த வரலாற்று நூல்கள் பலவற்றிலும் புகுந்து நிலைத்தது.

இவ்விடத்து ஆராய்ச்சியாளர் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். குழுவின் தொகை கடைசி இலக்கம் வரை திட்டமாய்த் தோன்றுகின்றது. ஆயின், அதனை எண்ணியோர் 13 எழுத்தர். எண்ணிய நேரம் 17 மணிக்குச் சிறிது மேல். கணக்கிட்டால், ஒவ்வொருவரும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 150 பெயர்களை ஓய்வின்றி எண்ணியிருத்தல் வேண்டும். இது நடவாது என ஓ'கானர் அன்றே மறுத்துரைத்தார். அவர் கூறிய தொகையும் நம்பத்தக்கதன்று. அவரை மறுத்தோர் கூறிய தொகையும் ஐயத்திற்கு உரியதே.

ஒரே கையெழுத்து என்னும் குற்றச்சாட்டும் ஆராயத்தக்கது. எழுதப் படிக்க அறியாதார் மிக்கிருந்த காலம் அது. தெருவார் பெயர்களை எழுத்தறிந்த ஒருவர் எழுதிக் கொடுத்தல் இயல்பே. வேலை பறிபோகும் என்று அஞ்சிய ஒருவர் தம் மெய்ப்பெயரை மறைத்து வேறு பெயர் எழுதியிருத்தலும் கூடும். பொய்ப்பெயர் அனைத்தும் பொய்ப்பற்று ஆகாது. குழுவின் கணக்கை அவ்வாறே கொண்டாலும், எஞ்சிய ஒப்பங்கள் அக்காலத்தில் வாக்குரிமை பெற்றிருந்தோர் தொகையினும் மிகுதி. அக்குழுவே ஒரு நூறாயிரத்திற்கு 8,200 வீதம் மகளிர் பெயர்கள் உள என்றது. தமக்கு வாக்குரிமை கோராத சாசனத்திற்கு அம்மகளிர் ஒப்பமிட்டனர். அவரை விலக்கி இயக்கத்தை அளத்தல் எங்ஙனம் தகும்?

மூன்றாவது அளவுகோல், கூட்டத்தில் உடனிருத்தல். விண்ணப்பம் கொணர்ந்த அந்நாளில் இலண்டன் கென்னிங்டன் வெளியில் பெருங்கூட்டம் கூடியது. அரசு சார்பினர் ஏறத்தாழ 15,000 என்றனர். ஓ'கானர் நான்கைந்து இலட்சம் என்றார். வில்லியம் கில்பர்ன் எடுத்த ஒளிப்படங்கள் அக்கூட்டத்தை இன்றும் காட்டுகின்றன. ஆயினும், பற்றினால் வந்தவர் யார், வேடிக்கை காண வந்தவர் யார் என்பதை ஒளிப்படம் சொல்லாது.

உடனிருத்தலை உறவு எனக் கொள்வதன் இடரை நியூபோர்ட் எழுச்சி காட்டும். 1839ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் வேல்சு நாட்டுச் சுரங்கத் தொழிலாளரும் இரும்புத் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் அந்நகர்க்குள் அணிவகுத்துச் சென்றனர். படைவீரர் சுட்டதில் இருபதின்மருக்கு மேல் மாண்டனர். அணியில் சென்றோருள் வழியில் வலிந்து இழுத்துச் செல்லப்பட்டவரும் இருந்தனர். தலைவர் ஜான் பிராசுட்டும் அவருடன் இருவரும் தூக்குத் தண்டனை பெற்று, பின்னர் அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. இன்னார் இவ்வியக்கத்தார் என்னும் தீர்ப்பு ஏட்டளவில் நில்லாது, உயிரையே தொடும் என்பதற்கு இது சான்று. 1848இல் இலண்டன் தையற்காரர் வில்லியம் கஃபே, கூலி பெற்ற ஒற்றரின் வாய்மொழி கொண்டு தண்டிக்கப்பட்டுத் தாசுமேனியாவுக்கு அனுப்பப்பட்டார். அரசு ஆவணங்களில் காணும் பெயர்களை ஆளும்போது, அவற்றை எழுதினோர் யார், எதற்கு எழுதினர் என்பதை மறத்தலாகாது.

இவற்றால் பெறப்படுவது யாதெனின், ஒவ்வொரு சான்றும் வெவ்வேறு உறவைக் காட்டுகின்றது என்பதே. ஆகலின் அனைவரையும் உறுப்பினர் என்னும் ஒரு சொல்லால் சுட்டுதல் மயக்கம் தரும். மூன்று சொற்களை யாம் முன்வைக்கின்றோம். சங்கத்திற் சேர்ந்து அட்டை பெற்றோரை உறுப்பினர் எனலாம். ஒப்பம் இட்டோரை ஒப்பினர் எனலாம். ஒப்பம், ஒப்புதல் ஆகிய இரண்டையும் அச்சொல் தழுவும். கூட்டத்திலும் அணியிலும் காணப்பட்டோரை உடன்வந்தோர் எனலாம். ஒருவரே மூன்றும் ஆதலும் கூடும். லோவட்டைப் போல உறுப்பினர் ஆகாமலே இயக்கத்தின் உயிராய் நிற்றலும் கூடும்.

எல்லை இவ்வாறு விரிந்தால், எவரையும் இயக்கத்தார் என்று கூற இடமாகாதோ என வினவுவார் உளர். அவ்வினா நேரியதே. அதற்கு விடை, எண்ணுவதன் முன் நோக்கத்தை உரைத்தல் ஆகும். ஒரு செயலுக்குப் பொறுப்பு யார் என ஆராயின், குறுகிய அளவுகோலே அறமாம். உடன்வந்தோரைக் குற்றத்திற்கு உரியோர் ஆக்குதல் தகாது. ஒரு கோரிக்கை மக்களிடை எவ்வளவு பரவிற்று என ஆராயின், விரிந்த அளவுகோலே பொருந்தும். ஆங்கு உறுப்பினரை மட்டும் எண்ணினால் இலட்சக்கணக்கான மக்களின் வேட்கை மறைந்தொழியும். தண்டிக்கும்போது விரிந்த அளவுகோலையும், செவிசாய்க்கும்போது குறுகிய அளவுகோலையும் அரசு கைக்கொண்டமையே சாசனத்தார்க்கு நேர்ந்த அநீதி.

சாசனத்தின் ஆறு கோரிக்கைகளுள், ஆண்டுதோறும் தேர்தல் என்பதொழிய ஏனைய ஐந்தும் பிற்காலத்தில் நடைமுறைக்கு வந்தன. 1848இல் எழுந்த நகைப்பு, எண்ணியவரின் பிழையையும் எண்ணப்பட்டவரின் வேட்கையையும் ஒருங்கே மறைத்துவிட்டது. மக்கள் இயக்கங்களை ஆராயப் புகும் மாணவர், எத்துணைப் பேர் என வினவுமுன், எவ்வகையில் சார்ந்தோர், யார் எழுதிய பதிவால் அறியப்படுவோர் என வினவுவாராக. இம்முறை தவறின், நாமும் அந்நகைப்பில் பங்குகொண்டவர் ஆவோம்.