பிறனா, அடுத்திருப்பவரா? கிறித்தவ விழுமியங்களும் தமிழில் உரையாடும் செயற்கை நுண்ணறிவும்

கிறித்தவ விழுமியங்களுக்கு இசைந்த செயற்கை நுண்ணறிவை உருவாக்க வேண்டும் என்னும் குரல் அண்மை ஆண்டுகளில் திருச்சபைகளிடமிருந்தும் கணினி வல்லுநர்களிடமிருந்தும் எழுந்து வருகின்றது. அக்குரல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஒலிக்கின்றது. புலம்பெயர் தமிழர் வாழும் நாடுகளில் இதே கேள்விக்கு மற்றொரு முகம் உண்டு. டொராண்டோவிலும் இலண்டனிலும் கோலாலம்பூரிலும் தமிழ் வழிபாட்டுக்குச் செல்லும் சீர்திருத்தச் சபைக் குடும்பங்கள் பலவற்றில் பாட்டியின் கையில் இருப்பது 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் வழிவந்த வேதாகமம். பேரப்பிள்ளையின் கையில் இருப்பது கைப்பேசி. முன்பு பாட்டியிடமோ போதகரிடமோ கேட்கப்பட்ட ஐயங்களுள் சில இன்று உரையாடு பொறியிடம் கேட்கப்படுகின்றன. அப்பொறி எத்தகைய தமிழில், எந்தச் சபையின் தமிழில் விடையளிக்கும் என்பதே இக்கட்டுரையின் பொருள். தமிழில் கிறித்தவத்தின் அடிப்படைச் சொற்கள் நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சொல்லாராய்ச்சியின், சிலவேளை கடும்பூசல்களின் விளைவு. அவற்றுள் ஒரு சொல்லைத் தெரிவுசெய்யும்போதே பொறியை அமைப்பவர் ஒரு விழுமியத்தையும் தெரிவுசெய்துவிடுகிறார். அதை அறியாமலே செய்துவிடுவதுதான் இடர்.

அறிக்கைகளும் சோதனைகளும்

இத்துறையில் திருச்சபைகள் வெளியிட்ட அறிக்கைகள் பல. அமெரிக்காவின் தென்பகுதி பாப்திஸ்து சபையினரின் அறநெறி ஆணையம் 2019 ஏப்ரலில் பன்னிரண்டு கூறுகள் கொண்ட கொள்கை அறிக்கையை வெளியிட்டது. 2020 பெப்ரவரி 28ஆம் நாள் வத்திக்கானின் வாழ்வுக்கான திருத்தந்தைக் கழகம் முன்னின்று உருவாக்கிய உரோமை அழைப்பில் மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் ஆகிய நிறுவனங்களும் கையொப்பமிட்டன. வெளிப்படைத்தன்மை, யாவரையும் உள்ளடக்குதல், பொறுப்புடைமை, நடுநிலை, நம்பகத்தன்மை, பாதுகாப்பும் அந்தரங்கமும் என்பன அவ்வழைப்பின் நெறிகள். இவை நல்லன, எனினும் எச்சமயத்தாரும், சமயம் சாராதாரும் ஏற்கத்தக்கன. கிறித்தவத்துக்கே உரிய சிந்தனை 2025 சனவரியில் வெளிவந்த 'அந்திக்குவா எத் நோவா' என்னும் வத்திக்கான் ஆவணத்தில்தான் விரிவாக இடம்பெறுகின்றது. மனித அறிவு உடலோடும் உறவோடும் பிணைந்தது. பொறியின் திறனை அதனோடு ஒன்றாகக் கருதலாகாது. பொறியை ஓர் ஆளாகக் காட்டுதல் தவிர்க்கப்பட வேண்டும் என அது வற்புறுத்துகின்றது. அதே ஆண்டு மே மாதம் பொறுப்பேற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ, தம் பெயர்த்தெரிவை விளக்குகையில், 1891இல் தொழிலாளர் பற்றிச் சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைவுகூர்ந்து, செயற்கை நுண்ணறிவைத் தம் காலத்துத் தொழிற்புரட்சியாகச் சுட்டினார்.

சோதனைகளோ அறிக்கைகளைவிட மிகுதியாகக் கற்பிக்கின்றன. 2024 ஏப்ரலில் அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பு ஒன்று 'ஃபாதர் ஜஸ்டின்' என்னும் குருவடிவப் பொறியை அறிமுகம் செய்தது. தன்னை உண்மையான குரு என்று கூறிக்கொண்டும், பயனர் ஒருவருக்குப் பாவமன்னிப்பு மொழிந்தும் அது குழப்பம் விளைவித்தது. சில நாள்களில் குருவின் உடை களையப்பட்டு, 'ஜஸ்டின்' என்னும் பொதுநிலையினர் உருவில் அது மீண்டும் வந்தது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரத்துப் புனித பேதுரு சிற்றாலயத்தில், ஒப்புரவுக் கூண்டுக்குள் இயேசுவின் உருவம் தோன்றி ஏறத்தாழ நூறு மொழிகளில் உரையாடும் அமைப்பொன்று சில வாரங்கள் வைக்கப்பட்டிருந்தது. அதனிடம் சொந்தச் செய்திகளைக் கூற வேண்டா என வந்தோர்க்கு அறிவுறுத்தப்பட்டது. உள்ளத்தைத் திறப்பதற்கென்றே அமைந்த கூண்டுக்குள் உள்ளத்தைத் திறக்காதே என எச்சரிக்க நேர்ந்தமை, இத்தகைய முயற்சியின் எல்லையைத் தானே காட்டிவிடுகின்றது.

விழுமியம் பொறிக்குள் புகும் வழிகள்

பெருமொழி மாதிரி எனப்படும் பொறி, அளவிறந்த எழுத்துத் தரவைக் கற்று, ஒரு சொல்லைத் தொடர்ந்து எச்சொல் வரத்தக்கது என்பதைக் கணிக்கின்றது. அதன்பின் மனிதர் எழுதிய எடுத்துக்காட்டு விடைகளாலும், விடைகளுக்கு மனிதர் வழங்கும் மதிப்பீடுகளாலும், எழுதித் தரப்படும் நெறிமுறைகளாலும் அது பண்படுத்தப்படுகின்றது. கேள்வி எழும் வேளையில் குறித்த ஆவணங்களைத் தேடியெடுத்து அவற்றின்படி விடைகூறச் செய்தல் மற்றொரு வழி. 2023இல் தொடங்கிய 'மேஜிஸ்டீரியம்' என்னும் கத்தோலிக்கச் செயலி இவ்வழியைச் சார்ந்தது.

இவற்றுள் முதல் நிலையில், அதாவது தரவு நிலையில், கிறித்தவ எழுத்துகள் பொறிகளுக்குள் ஏற்கெனவே நிறைந்துள்ளன. உலகின் மிகுதியான மொழிகளில் பெயர்க்கப்பட்ட நூல் விவிலியமே. அதிகாரமும் வசனமும் எண்ணிடப்பட்டிருத்தலால் இரு மொழிப் பாடங்களை அருகருகே பொருத்துவதும் எளிது. எனவே எழுத்துத்தரவு குறைந்த மொழிகளுக்கான எந்திர மொழிபெயர்ப்பில் அது நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றது. மெட்டா நிறுவனம் 2023இல் 1,100க்கும் மேற்பட்ட மொழிகளுக்கான பேச்சறி கருவியை உருவாக்கியபோது புதிய ஏற்பாட்டின் ஒலிப்பதிவுகளையே பெரிதும் நம்பியது. இதனால் அக்கருவி கிறித்தவ விழுமியம் உடையதாகிவிட்டதா என்றால், இல்லை. நூல் தரவாக நின்றது, அவ்வளவே. வசனங்களை மேலும் மேலும் ஊட்டினால் பொறி கிறித்தவத் தன்மை பெறும் என்னும் எண்ணம் பொருந்தாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

தமிழ்ச் சொற்களின் வரலாறு

1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ்–போர்த்துக்கேய மறைக்கல்வி நூல் தமிழை உரோமன் எழுத்தில் தந்தது. அந்நூலை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தவர்களுள் தனிநாயகம் அடிகள் முதன்மையானவர். (புலம்பெயர் நாடுகளின் இளைஞர் இன்று பொறியிடம் தமிழை உரோமன் எழுத்தில் தட்டச்சு செய்வதைக் காணும்போது அந்நூல் நினைவுக்கு வராமல் இராது.) 1578இல் கொல்லத்தில் அண்டிரிக்கு அடிகள் தமிழ் எழுத்தில் அச்சிட்ட நூல் இறைவனைத் 'தம்பிரான்' என்றது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் வழியாக வடசொற்கள் மிகுந்த நடை கத்தோலிக்கத் தமிழில் வேரூன்றியது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். பப்ரிசியுசு 'பராபரன்' என்றார். பவர் தலைமையிலான 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. 1995இல் வெளியான பொதுமொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'கடவுள்' என்கிறது. 'கிருபை', 'அருள்' ஆயிற்று. 'ஞானஸ்நானம்', 'திருமுழுக்கு' ஆயிற்று. 'வார்த்தை', 'வாக்கு' ஆயிற்று. பழைய வழக்குகள் மறையவுமில்லை. ஒரே தெருவில் உள்ள இரு கோவில்களில் இருவகைச் சொற்களும் இன்றும் ஒலிக்கின்றன. எல்லாவற்றையும் கலந்து கற்ற பொறி ஒரே பத்தியில் 'தேவகிருபை' என்றும் 'தூய ஆவியார்' என்றும் எழுதினால், பொருள் பிழைபடாது. ஆனால் அது எந்தச் சபையின் குரலும் ஆகாது.

இறைவேண்டலில் இவ்வேறுபாடு இன்னும் நுண்மையானது. தமிழ்க் கிறித்தவர் இறைவனை 'நீர்' என விளிப்பர். 'நீ' என்பது சைவ, வைணவப் பாசுர மரபில் உரிமையோடு வழங்குவது. 'நீங்கள்' என்பது அலுவலக மரியாதை. 'நீங்கள்' என்று இறைவனை அழைக்கும் வேண்டலை ஒரு பொறி எழுதித் தந்தால், இலக்கணப் பிழை எதுவும் காணாமலே, இது நம்முடையதன்று என்று பாட்டி உணர்ந்துவிடுவார்.

இனி, விழுமியத்தையே நேரே தொடும் சொல் ஒன்றைக் காண்போம். தன்னைப்போல் நேசிக்கப்பட வேண்டிய மற்றவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு 'அருகில் உள்ளவர்' என்பது அடிப்பொருள். 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு இதனைப் 'பிறன்' என்றது. திருவிவிலியம் 'அடுத்திருப்பவர்' என்கிறது. 'பிறன்' என்பது தான் அல்லாதவனைச் சுட்டும் சொல். 'பிறனில் விழையாமை' என்னும் குறள் அதிகாரத்தின் வாயிலாகத் தமிழ் அறத்துக்கு அது நன்கு அறிமுகமானது. ஆனால் ஆண்பால் ஒருமையாய் நிற்பது. 'அடுத்திருப்பவர்' மூலத்துக்கு நெருக்கமானது, இருபாலார்க்கும் பொதுவானது, மரியாதை உடையது. இவ்வளவில் பின்னது சிறந்தது எனத் தோன்றும்.

ஊரும் சேரியும் பிரிந்து கிடந்த நிலத்தில் அடுத்திருப்பவர் யார்? அடுத்த வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் தம் சாதியினரே. இடத்தால் நெருங்கியவரை நேசி என்னும் கட்டளை, தெருவின் எல்லையோடு நின்றுவிடக்கூடும். 'பிறன்' என்னும் பழஞ்சொல்லோ, தம்மவர் அல்லாதவரையே முன்னிறுத்துகின்றது. வடக்கன்குளத்துக் கோவிலில் சாதிக்கொரு பகுதியாக மக்கள் அமர்ந்திருந்தனர். இடையே நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. அதுவரை, சுவருக்கு அப்பால் இருந்தவர் உடலளவில் அடுத்திருப்பவராகவும் வழக்களவில் பிறனாகவும் இருந்தார். நல்ல சமாரியன் உவமையோ, நெருக்கத்தை இடத்தால் அளக்காமல் இரக்கத்தால் அளக்கின்றது. அவ்வுவமையோடு சேர்த்துப் படித்தாலன்றி இரு சொற்களுள் எதுவும் முழுமை பெறாது. இவ்விரண்டையும் வெறும் ஒத்தசொற்களாகக் கருதும் பொறி, தமிழ்க் கிறித்தவ அறத்தின் மையப் பூசலையே தவறவிடும்.

அப்பூசல் எளியதன்று. 1833இல் கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே நீங்க வேண்டும் என ஆணையிட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் எதிர்த்து நின்றனர். சாதி வழக்கங்களைப் பேணுவோர் பக்கம் நின்றவருள் ஒருவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். பெத்தலகேம் குறவஞ்சி பாடிய அதே கவிஞர். அவர் கீர்த்தனைகள் இன்றும் தமிழர் வழிபாடுகளில் உருக்கத்தோடு பாடப்படுகின்றன. வேதாகமத் திருத்தத்தை எதிர்த்தோருள்ளும் அவர் இருந்தார். அவரைத் தரவிலிருந்து நீக்கினால் தமிழ்க் கிறித்தவப் பக்தியின் ஒரு பெரும்பகுதி நீங்கிவிடும். நீக்காது விட்டால் அவர் சாதிக் கருத்தும் உடன் வரும். 'தமிழ்க் கிறித்தவ மரபின்படி விடையளி' என்னும் ஒரு கட்டளை இவ்விடத்தில் பொறிக்கு எவ்வகையிலும் உதவாது. மரபுக்குள்ளேயே எது நற்செய்திக்கு இசைந்தது, எது அன்று எனத் தீர்ப்பிடும் கடமை மனிதருடையது. அத்தீர்ப்பு எழுதப்பட்ட நெறிமுறையாக, தீர்ப்பிட்டோர் யார் என்ற குறிப்போடு, பொறிக்கு வழங்கப்பட வேண்டும்.

அமைப்போர் முன்னுள்ள பணி

புலம்பெயர் நாடுகளில் இதன் நடைமுறைப் பயனை ஒரு வினாவால் விளக்கலாம். வேறு சாதியைச் சேர்ந்த கிறித்தவரை மணக்க விரும்பும் இளையவர் ஒருவர், பெற்றோர் மறுக்கின்றனர், கிறித்தவ நெறி என்ன சொல்கிறது என்று கேட்பதாகக் கொள்வோம். மேலைநாட்டுக் கிறித்தவ எழுத்தையே மிகுதியும் கற்ற பொறிக்குச் சாதி என்பது தொலைவிலுள்ள செய்தி. அது இதனைப் பெற்றோர்–பிள்ளை கருத்து வேறுபாடாக மட்டும் கண்டு, பெற்றோரை மதிக்கும் கட்டளையையும் தனிமனித விருப்பையும் சமன்செய்து விடைதரக்கூடும். அக்கட்டளைக்கு எண் தருவதில்கூட ஒருமையில்லை: கத்தோலிக்கர்க்கும் லுத்தரன் சபையினர்க்கும் அது நான்காம் கட்டளை; ஆங்கிலிக்க மரபினர்க்கு ஐந்தாவது. இத்தகைய விடை கனிவாகவே இருக்கும். ஆனால் சாதி குறித்துச் சபைகள் தாமே நடத்திய நெடும் வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இராது. பெற்றோர் மறுப்பதன் காரணம் சாதியே என்பது கேள்வியிலேயே உள்ளது. அதனை எதிர்கொள்ளாத விடையைக் கிறித்தவ விழுமியத்தின் வெளிப்பாடு என ஏற்க இயலாது என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

பாவமன்னிப்பைப் பொறுத்தவரை எல்லை தெளிவானது. மன்னிப்பு மொழிதல் தகவல் தருவதன்று. அது ஒரு செயல். அதனைச் செய்தற்குரிய ஆளும் பொறுப்பும் வேண்டும். மன்னிப்பு வேண்டி வருபவரிடம், தான் பொறி என்பதை எளிய தமிழில் கூறி, அவர் தம் சபையின் குருவையோ போதகரையோ நம்பத்தகுந்த மூத்தவரையோ நாடுமாறு சொல்வதோடு பொறி அமைய வேண்டும். தற்கொலை எண்ணமோ வீட்டு வன்முறையோ புலப்படும்போது, 'பொறுமையாயிரு', 'சிலுவையைச் சும' என்னும் பழகிய அறிவுரைகளுக்கு இடமே இருக்கலாகாது. அங்கு முதற்கண் தேவைப்படுவது அந்நாட்டு அவசர உதவி எண்.

எனவே, பொறியை அமைக்குமுன் வினாத்தொகுதி ஒன்று ஆயத்தமாக வேண்டும். கலப்பு மணம், சீதனம், பெண்கள் மறையுரை ஆற்றுதல், இந்து உறவினர் வீட்டுச் சடங்குகளில் பங்கேற்றல், ஈழப்போரில் இழந்தவர்களைக் குறித்த மன்னிப்பு ஆகியன அதில் இடம்பெறத்தக்கவை. இவற்றுக்கான விடைகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெற்று அருகருகே வைத்து, கத்தோலிக்கரும் லுத்தரன், ஆங்கிலிக்க, பெந்தெகொஸ்தே சபையினரும் தனித்தனியே மதிப்பிடுதல் வேண்டும். மதிப்பிடுவோருள் ஒடுக்கப்பட்ட சமூகத்தினரும் பெண்களும் இருத்தல் இன்றியமையாதது. 'பிறன்' வரும் விடைகளையும் 'அடுத்திருப்பவர்' வரும் விடைகளையும் தனியே பிரித்து, சொல்மாற்றத்தோடு அறிவுரையும் மாறுகின்றதா எனக் குறித்துக்கொள்ளுதல் அம்மதிப்பீட்டின் முதல் ஏடாக அமையலாம்.