கோட்டைக்கு அடியில் ரெயில்!

நம் ஜில்லாவைப் போல இங்கிலாந்தில் உள்ள பிரிவுக்குக் கவுண்டி என்று பெயர். தென்கடலோரம் இருப்பது டார்செட் கவுண்டி. அதன் தலைநகர் டார்செஸ்டர்.

1840-களில் அங்கே ரெயில் பாதை போடத் திட்டம் வந்தது. வழியில் இரண்டு பழஞ்சின்னங்கள் இருந்தன. ஒன்று, சுமார் 4,500 ஆண்டுப் பழமையான வட்ட மண்மேடு. ரோமானியர் அதை விளையாட்டு அரங்கமாக்கினர். மற்றொன்று, பவுண்ட்பரி மலைக்கோட்டை.

இவற்றை வெட்டிப் போட்டால் திரும்ப வருமா?

பள்ளி ஆசிரியரும் கவிஞருமான வில்லியம் பார்ன்ஸ், ஹென்றி மூல் பாதிரியார் முதலியோர் ஒன்று கூடினர். எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் கோட்டைக்கு அடியில் சுரங்கம் தோண்டிப் பாதை போட்டார்கள். மண்மேடும் தப்பியது. ரெயிலும் வந்தது, பழமையும் பிழைத்தது!

அத்துடன் அவர்கள் ஓயவில்லை. கவுண்டிக்கென்றே ஒரு பொருட்காட்சி சாலையும் நூல் நிலையமும் தொடங்கினார்கள். மண்ணில் கிடைத்த பழம்பொருள்களும், ஊரைப் பற்றிய புத்தகங்களும் அங்கே சேர்ந்தன.

நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி அந்தச் சீமைக்காரர். டார்செஸ்டரை வைத்தே அவர் எழுதிய நாவல் 'காஸ்டர்பிரிட்ஜ் மேயர்'. அதன் கையெழுத்துப் பிரதியை 1911-ல் அவரே இந்தச் சாலைக்குக் கொடுத்தார். அவருடைய எழுத்து அறையையும் அங்கே அப்படியே அமைத்திருக்கிறார்கள்.

ஊர்க் கதையை ஊராரே காத்தால் அது அழியாது.