கார் நடுவழியில் நின்றால்... அதற்கும் பணம் கட்டி வைக்கணுமா?



கார் இன்சூரன்ஸ் முடிகிற மாதம் வந்தால் ஏஜென்ட் போன் செய்வார். பிரீமியம் இவ்வளவு என்று சொல்லிவிட்டு, "ரோட் சைடு அசிஸ்டென்ஸ் சேர்க்கட்டுமாக்கா? கொஞ்சம்தான் கூட வரும்" என்பார். நம்மில் பாதிப் பேர் அது என்ன ஏது என்று கேட்காமலே "வேணாம்பா" என்போம். மீதிப் பேர் "சரி, போடுங்க" என்போம். இரண்டுமே கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற பதில்தான். நான் பத்தாவது வரை படித்தவள். பாலிசி பேப்பர் முழுக்க இங்கிலீஷில் இருக்கிறது. காலேஜ் படிக்கும் என் தம்பியை உட்கார வைத்து, வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டதையும், ரோட்டில் பட்டதையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு, கார் எங்க நின்னாலும் கம்பெனி பாத்துக்கும்" என்று என் அத்தையும் சரி, எதிர் வீட்டு அக்காவும் சரி, நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி இல்லை. ஃபுல் இன்சூரன்ஸ் என்பது எங்காவது மோதினால், திருடு போனால், தீப்பிடித்தால், வெள்ளத்தில் சேதமானால் கிடைப்பது. பேட்டரி இறங்கிப் போச்சு, கிளட்ச் போச்சு என்றால் அதில் ஒரு பைசா வராது. விபத்தில் அடிபட்ட காரை ஒர்க் ஷாப்புக்கு இழுத்துப் போக மட்டும் ஒரு தொகை உண்டு. வழக்கமான பாலிசியில் காருக்கு அதிகபட்சம் 1,500 ரூபாய், அவ்வளவுதான். சட்டப்படி கட்டாயமான தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் அதுவும் இல்லை.

ஏஜென்ட் சேர்க்கச் சொல்வது தனிச் சமாச்சாரம். வண்டி நின்றால் போன் செய்ய வேண்டும், ஆள் அனுப்புவார்கள். பேட்டரிக்கு வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்வது, பஞ்சரானால் ஸ்டெப்னி மாற்றுவது, சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் திறந்து கொடுப்பது, பெட்ரோல் தீர்ந்தால் கொண்டு வருவது, அங்கேயே சரியாகாவிட்டால் கட்டி இழுத்து மெக்கானிக் ஷாப்பில் விடுவது, இவ்வளவும் உண்டு. பெட்ரோலுக்கும் உதிரி பாகத்துக்கும் காசு பெரும்பாலும் நம்முடையதுதான். வருகிற ஆளுக்கும் இழுவைக்கும்தான் நாம் முன்கூட்டிக் கட்டுகிறோம்.

எங்கள் வீட்டு நிலைமையைச் சொன்னால்தான் இது எனக்கு ஏன் பெரிய விஷயம் என்று புரியும். என் கணவர் குவைத்தில் டிரைவர் வேலை பார்க்கிறார். நாங்கள் வத்தலக்குண்டு பக்கம் இருக்கிறோம். மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, இரண்டு கிட்னியும் பழுது. வாரம் இரண்டு நாள் மதுரையில் டயாலிசிஸ். ஆஸ்பத்திரிச் செலவு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போய்விடுகிறது. போக வர கார்தான் பிரச்னை. அதனால்தான் 2021ல் ஒரு பழைய கார் வாங்கினோம். நானே டிரைவிங் கற்றுக்கொண்டேன். பழைய ஓனர் போட்டிருந்த பாலிசி எங்கள் பெயருக்கு மாறி வந்தது. அதில் இந்த ரோட் சைடு சேர்க்கை கிடையாது.

2022 மார்கழியில் ஒரு நாள் டயாலிசிஸ் முடித்துத் திரும்பும்போது, வாடிப்பட்டி தாண்டுவதற்குள் பானட்டிலிருந்து புகை மாதிரி ஆவி வந்தது. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டது. மணி இரவு ஏழரை. நாற்கர சாலையில் லாரியும் பஸ்ஸும் பறக்கின்றன. காரை இடது ஓரமாக ஒதுக்கி, நாலு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, மாமாவைக் கைத்தாங்கலாக இறக்கி ரோட்டோர இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தேன். நின்றுபோன காருக்குள் உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து என்று டிரைவிங் சொல்லிக் கொடுத்த அண்ணன் சொல்லியிருந்தார்.

அன்றைக்குக் கைகொடுத்தது 1033. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் ஹெல்ப்லைன் நம்பர் அது, 2018ல் தொடங்கியது. நாள் முழுக்க எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. அரை மணி நேரத்தில் ரோந்து வண்டி வந்தது. காருக்குப் பின்னால் கூம்பு வைத்தார்கள். பிறகு கிரேன் வந்து காரைப் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி நிறுத்தியது. டோல் கொடுக்கிறோமே, அந்தக் காசில் இந்த உதவியும் சேர்த்திதான். இது தெரியாமல் எத்தனை பேர் தனியாருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்திருப்பார்களோ!

ஆனால் ரோட்டை மறிக்காமல் வண்டியை ஒதுக்குவதோடு அவர்கள் வேலை முடிந்தது. வீட்டுக்கோ நம்ம மெக்கானிக்கிடமோ கொண்டுபோய் விடுவது அவர்கள் பொறுப்பு இல்லை. கிராமத்து ரோட்டில் நின்றால் இந்த நம்பருக்கும் வேலை இல்லை, அது தேசிய நெடுஞ்சாலைக்கு மட்டும். வீடு வரை இழுத்துவர ஒரு தனியார் ரெக்கவரி வண்டிக்காரர் 5,000 ரூபாய் கேட்டார். வாடிப்பட்டியில் விட 1,500. வாடிப்பட்டியிலேயே விட்டேன். மாமாவை டாக்சியில் கூட்டி வர 1,200. ஹோஸும் கூலியும் மறுநாள் 1,100. ஆக 3,800 ரூபாய். திரும்பும் வழியில் நின்றதால் பணத்தோடு போயிற்று. போகும் வழியில் நின்றிருந்தால் மாமாவுக்கு டயாலிசிஸ் தவறியிருக்கும்.

அடுத்த ரெனிவலில் சேர்க்கச் சொல்லிவிட்டேன். 299 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., மொத்தம் 353. இந்தத் தொகை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மூன்று வருடம் கட்டியதில் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறேன். முதல் தடவை விடியற்காலை ஐந்து மணிக்கு, வீட்டு வாசலிலேயே பேட்டரி இறங்கிவிட்டது. ஐம்பது நிமிடத்தில் பையன் வந்து ஸ்டார்ட் செய்து கொடுத்தான். அன்றைக்கு டயாலிசிஸுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இரண்டாவது தடவை நடந்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். கொடைக்கானல் மலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இறங்கும்போது கிளட்ச் போய்விட்டது. போனை எடுத்த பெண் இந்தியில் பேசினாள். நான் "தமிழ், தமிழ்" என்று நாலு தடவை சொன்ன பிறகுதான் தமிழ் பேசுகிற ஆளுக்கு மாற்றினாள். இடம் தெரிய ஒரு லிங்க் அனுப்பினார்கள், மலையில் டவர் கிடைக்காமல் அது திறக்கவே இல்லை. மைல் கல்லைப் பார்த்து வாசித்துக் காட்டினேன். வண்டி வந்து சேர இரண்டே முக்கால் மணி நேரம். கூட என் இரண்டு பெண் பிள்ளைகள். நல்லவேளை, பக்கத்தில் ஒரு டீக்கடை இருந்தது. காரை எங்கள் மெக்கானிக்கிடம் விடச் சொன்னதற்கு, பக்கத்தில் இருக்கிற ஒர்க் ஷாப்பில்தான் விடுவோம் என்றார்கள். அந்த ஷரத்து பாலிசியிலேயே இருக்கிறது. ஆனாலும் இழுவைக்கு ஒரு ரூபாய் வாங்கவில்லை. மலையிலிருந்து இழுக்கத் தனியாரிடம் கேட்டிருந்தால் எவ்வளவு சொல்லியிருப்பார் என்று நினைத்தாலே பகீர் என்கிறது.

இதை வைத்து எல்லாரும் கட்டுங்கள் என்று சொல்லமாட்டேன். என் நாத்தனார் மதுரையில் இருக்கிறார். அவர் கார் பிள்ளைகளின் ஸ்கூலுக்கும் மார்க்கெட்டுக்கும்தான் போகும். தெருமுனையில் மெக்கானிக் இருக்கிறார், "தம்பி, வண்டி நின்னுடுச்சு" என்றால் ஸ்கூட்டரில் வந்துவிடுவார். அவருக்கு எதற்கு இது? புதுக் கார் வாங்கியவர்களும் கட்டுமுன் காரோடு வந்த புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். வாரண்டி இருக்கும் வரை கார் கம்பெனியே இந்தச் சேவையைத் தருவது உண்டு. ஒரே சேவைக்கு இரண்டு இடத்தில் பணம் கட்டுபவர்கள் நிறைய. (கார் வாங்கிய அன்று இனிப்புப் பெட்டியைப் பத்திரமாக வாங்கிக்கொள்கிற நம்மவர்கள் அந்தப் புத்தகத்தை மட்டும் பிரிப்பதே இல்லை!) பழைய கார், தூரப் பயணம், பெண்களே ஓட்டுவது, வீட்டில் நோயாளி, இதில் இரண்டு சேர்ந்தாலே 353 ரூபாய் கட்டலாம் என்பது என் கணக்கு.

கட்டுமுன் ஏஜென்டைக் குடைந்து கேளுங்கள். எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாக இழுப்பீர்கள், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, வருடத்துக்கு எத்தனை தடவை, எங்கள் ஊருக்கு வண்டி எங்கிருந்து வரும்? கடைசிக் கேள்விதான் முக்கியம். என் ஏஜென்ட் அதற்குத் திருதிருவென்று விழித்தார், இரண்டு நாள் கழித்துத்தான் "திண்டுக்கல்லில் இருந்துக்கா" என்றார். நோ கிளெய்ம் போனஸ் போய்விடுமோ என்று பயந்தேன். இந்தச் சேவையைக் கூப்பிட்டதற்காக எனக்குப் போனஸ் குறையவில்லை. சில கம்பெனிகள் ரொம்பப் பழைய காருக்கு இதைத் தருவதில்லை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. 2015ல் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் வெள்ளத்தில் எத்தனை கார்கள் மூழ்கின! தண்ணீரில் நின்ற காரைச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறி, இன்ஜினே போய்விடும். அந்தச் செலவுக்கு இந்த ரோட் சைடு சேர்க்கை உதவாது. அதற்கு 'இன்ஜின் புரொடெக்ட்' என்று வேறு சேர்க்கை இருக்கிறது. ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துக்கொண்டு போவதுதான் வழி.

இன்னொன்று, பாலிசியில் வரும் வண்டி காரைத்தான் தூக்கிப்போகும், மாமாவை இல்லை. சில திட்டங்களில் டாக்சி வசதியும் உண்டு, எங்களுடையதில் இல்லை. அதனால் வத்தலக்குண்டில் ஒன்று, மதுரையில் ஒன்று என்று தெரிந்த இரண்டு டாக்சிக்காரர்களின் நம்பரையும், 1033, 108, பாலிசி நம்பர், ஹெல்ப்லைன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். செல்போன் சார்ஜ் தீர்ந்தால் யாரிடமாவது போன் வாங்கிப் பேசலாமே.

இன்சூரன்ஸோடு சேர்க்காமல், இந்தச் சேவைக்கு மட்டும் தனியாக மெம்பர் ஆகும் திட்டங்களும் இருக்கின்றன. தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருப்பவர்களுக்கு அது ஒத்துவரலாம். தொகை கூடுதல். அதில் சேர்ந்து, நம்ம பக்கத்துச் சின்ன ஊர்களில் கூப்பிட்டுப் பார்த்த தோழிகள் யாராவது இருந்தால், எவ்வளவு நேரத்தில் வந்தார்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, வத்தலக்குண்டு